முற்றத்துத் தொட்டியில் கோல்டு ஃபிஷ்: ஒட்டுண்ணி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளத்தூரில் எங்கள் வீட்டு இரண்டாம் கட்டு முற்றத்தில் ஒரு பழைய கல் தொட்டி இருக்கிறது. கொல்லையில் அதைவிடப் பெரிய சிமெண்டுத் தொட்டி ஒன்று. இரண்டிலும் பன்னிரண்டு வருடமாகக் கோல்டு ஃபிஷ் வளர்க்கிறோம். இப்போது கானாடுகாத்தான், காரைக்குடி பக்கம் பழைய வீடுகளைத் தங்கும் விடுதியாக மாற்றுகிறவர்களும் தாமரைத் தொட்டியில் நாலு மீன் விடுகிறார்கள். மீனுக்கு ஏதாவது வந்தால் போட்டோ எடுத்து அனுப்பி, "இதுக்கு என்ன மருந்து?" என்று கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கிறேன். நான் மீன் மருத்துவன் இல்லை. வளர்த்து, இழந்து, படித்து, கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன்.

மீன் தொட்டிச் சுவரில் உடம்பை உரசிக்கொண்டே இருக்கிறது. ஒட்டுண்ணிதானே?

இருக்கலாம், ஆனால் முதலில் தண்ணீரைப் பாருங்கள். அமோனியா ஏறினாலும் மீன் உரசும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தாலும் உரசும். மழைத் தண்ணீர் மட்டுமே நிரம்பிய தொட்டியில் பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) திடீரென்று சரிந்தாலும் அப்படித்தான் செய்யும். ஒட்டுண்ணி ஊறுவதும் தண்ணீர் எரிவதும் மீனுக்கு ஒரே மாதிரிதான்; இரண்டுக்கும் அது உரசித்தான் காட்டும்.

அமோனியா டெஸ்ட் கிட் ஒன்று வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த மருந்து பாட்டிலையும்விட அதற்குப் பயன் அதிகம். அமோனியா இருந்தால் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றி, இரண்டு நாள் தீனியை நிறுத்துங்கள். ஒட்டுண்ணி இல்லையென்றால் உரசல் அதிலேயே நின்றுவிடும்.

தண்ணீர் நன்றாக இருந்தும் உரசினால் மீனை நெருங்கிப் பார்க்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் முதுகு மட்டும்தான் தெரியும். பாதி ஒட்டுண்ணி வயிற்றடியிலும் துடுப்பு இடுக்கிலும்தான் இருக்கும். கைவலையில் பிடித்து, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டப்பாவில் தொட்டித் தண்ணீரோடு விட்டு, முற்றத்து வெயிலில் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். இரண்டு நிமிடம் போதும்.

விடியற்காலையில் எல்லா மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. செவுளில் புழுவா?

எல்லா மீனும், அதுவும் விடியற்காலையில் என்றால், பெரும்பாலும் அது மூச்சுத்திணறல்தான். பச்சைத் தண்ணீரில் இருக்கும் பாசி பகலில் ஆக்ஸிஜன் கொடுக்கும், இரவில் தானே அதை எடுத்துக்கொள்ளும். சித்திரை, வைகாசி வெக்கையில் தண்ணீரில் ஆக்ஸிஜன் கரைவதும் குறைவு. வெயில் ஏறியதும் மீன்கள் சரியாகிவிட்டால் காரணம் அதுதான்.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வளர்க்க ஆரம்பித்த இரண்டாவது வருடம் இதே மாதிரி ஒரு காலையில் செவுள் புழு என்று நானே முடிவு கட்டி, கொல்லைத் தொட்டியில் ஒட்டுண்ணியைக் கொல்லும் ஃபார்மலின் என்ற ரசாயனத்தை ஊற்றினேன். ஃபார்மலின் தண்ணீரில் இருக்கும் ஆக்ஸிஜனை இன்னும் குறைக்கும் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. மதியத்துக்குள் ஒன்பது மீன் போய்விட்டது. அன்றைக்கு அந்தத் தொட்டிக்குத் தேவைப்பட்டது ஒரு ஏர் பம்ப், அவ்வளவுதான்.

ஒரே ஒரு மீன் மட்டும் நாள் முழுக்க மேலே நிற்கிறது, ஒரு பக்கச் செவுளை மூடியே வைத்திருக்கிறது என்றால் அப்போது செவுள் புழுவைச் சந்தேகப்படலாம்.

உடம்பெல்லாம் ரவை தூவினாற்போல் வெள்ளைப் புள்ளி. என்ன செய்வது?

வெண்புள்ளி நோய். கடையில் 'இக்' என்பார்கள். ஒரே செல் உயிரி ஒன்று தோலுக்கு அடியில் புகுந்து உட்கார்ந்திருப்பதுதான் அந்தப் புள்ளி. 1876இல் ஃபூக்கே என்பவர் இதற்கு வைத்த லத்தீன் பெயருக்கு 'பல பிள்ளை பெற்ற மீன் பேன்' என்று பொருள். அது பேன் இல்லை, ஆனால் பல பிள்ளை என்பது உண்மை.

இதன் வாழ்க்கையைப் புரிந்துகொண்டால் வைத்தியம் தானாகப் புரியும். மீன் தோலுக்குள் சில நாள் தின்று கொழுக்கும். பிறகு உதிர்ந்து தொட்டியின் அடியில் விழுந்து, மேலே ஒரு உறை போட்டுக்கொண்டு உள்ளே பிளந்துகொண்டே போகும். ஒன்று நூற்றுக்கணக்காகும், சில சமயம் ஆயிரம் வரை போகும். உறை உடைந்து குஞ்சுகள் நீந்தி வெளியே வரும். அவற்றுக்கு இரண்டு நாளுக்குள் ஒரு மீன் கிடைக்க வேண்டும், இல்லையென்றால் செத்துவிடும்.

தோலுக்குள் இருப்பதை மருந்து தொடாது. உறைக்குள் இருப்பதையும் தொடாது. நீந்தித் திரியும் குஞ்சைத்தான் கொல்லும். ஆகவே நாம் செய்கிற வைத்தியம், தண்ணீரை எப்போதும் குஞ்சுக்கு ஆகாததாக வைத்துக்கொண்டு, எல்லாம் தோலைவிட்டு வெளியே வரும் வரை காத்திருப்பதுதான்.

இந்த ஒரு சுற்று முடிய ஆகும் காலம் சூட்டைப் பொறுத்தது. 25 டிகிரியில் நாலைந்து நாள். 10 டிகிரியில் ஒரு மாதத்துக்கு மேல். குளிர் நாட்டுப் புத்தகத்தில் இருக்கும் நாள் கணக்கு நமக்குப் பொருந்தாது. நம் ஊர்ச் சூட்டில் எல்லாம் வேகம். அதே சமயம், 30 டிகிரிக்கு மேல் போனால் இந்த உயிரியால் சரியாகப் பெருக முடியாது. அதனால்தான் எங்கள் தொட்டிகளில் இது கோடையில் வந்ததே இல்லை. ஐப்பசி மழைக்குப் பிறகு, தண்ணீர் சட்டென்று குளிரும்போதும், மார்கழியிலும்தான் வரும். அந்த மாதங்களில் புது மீன் வாங்குவதை நான் நிறுத்தியே விட்டேன்.

வைத்தியத்துக்கு உப்பு போதும். லிட்டருக்கு 3 கிராம் கணக்கில் இரண்டு வாரம். கணக்குப் போடுவதைக் கீழே சொல்கிறேன்.

மருந்து போட்டேன், மூன்றாம் நாள் புள்ளி எல்லாம் போய்விட்டது. அடுத்த வாரம் முன்னைவிட அதிகமாக வந்துவிட்டது. மருந்து போலியா?

மருந்து சரியாகத்தான் இருக்கும். மூன்றாம் நாள் புள்ளிகள் போனது குணமானதால் இல்லை, எல்லாம் கீழே உதிர்ந்து பிளந்துகொண்டிருந்தன. அந்த நேரத்தில் நீங்கள் நிறுத்திவிட்டீர்கள். கடைசிப் புள்ளி மறைந்த நாளிலிருந்து குறைந்தது ஒரு வாரம் தொடர வேண்டும். நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். மனம் "சரியாகிவிட்டது" என்று சீக்கிரம் சொல்லிவிடும்.

செவுள் மூடியிலும் முன் துடுப்பின் ஓரத்திலும் மட்டும் வெள்ளைப் புள்ளி, வரிசையாக. மீன் சுறுசுறுப்பாகத்தான் இருக்கிறது.

சந்தோஷப்படுங்கள், அது ஆண் மீன். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் கோல்டு ஃபிஷுக்குச் செவுள் மூடியிலும் முன் துடுப்பின் முதல் முள்ளிலும் இப்படி முத்து முத்தாக வரும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், வாலில் இருக்காது. எதிர்வீட்டு ஆச்சி இதைப் பார்த்துவிட்டு நாலு மாதம் மெத்திலீன் ப்ளூ ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நீலத் தண்ணீரில் அந்த மீன் துணையைத் துரத்திக்கொண்டுதான் இருந்தது.

உப்பு எவ்வளவு? எந்த உப்பு?

கல் உப்பு, எதுவும் கலக்காதது. பொடி உப்பில் கட்டி தட்டாமல் இருக்க வேறு சரக்கு சேர்த்திருப்பார்கள், அது வேண்டாம்.

முதலில் தொட்டியில் எத்தனை லிட்டர் என்று தெரிய வேண்டும். இதைக் கண்ணால் மதிப்பிட்டுத்தான் பலர் தவறு செய்கிறார்கள். டேப் எடுத்து அளந்து விடுங்கள். நீளம், அகலம், தண்ணீரின் ஆழம் மூன்றையும் அடியில் பெருக்கினால் கன அடி வரும். ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர். எங்கள் கொல்லைத் தொட்டி 8 அடி நீளம், 5 அடி அகலம், தண்ணீர் 2 அடி. 80 கன அடி, அதாவது சுமார் 2,260 லிட்டர். லிட்டருக்கு 3 கிராம் என்றால் 6.8 கிலோ வருகிறது. உள்ளே கல், மண் தொட்டி எல்லாம் இருப்பதால் நான் ஆறரையோடு நிறுத்திக்கொள்வேன்.

அத்தனையையும் ஒரே நாளில் கொட்டக் கூடாது. மூன்று பங்காக்கி, நாளுக்கு ஒரு பங்கு. வாளித் தண்ணீரில் முழுக்கக் கரைத்து, சுற்றிலும் ஊற்ற வேண்டும். கரையாத கல் உப்பு அடியில் கிடந்தால் மீன் போய் அதைக் கொத்தும், வாய் வெந்துவிடும்.

இன்னொன்று, இதை நம் ஊரில் கட்டாயம் கவனிக்க வேண்டும். உப்பு ஆவியாகாது. வெயிலில் தண்ணீர் இரண்டு அங்குலம் வற்றினால், வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றி நிரப்புங்கள். தண்ணீரை எடுத்து வெளியே கொட்டினால் மட்டுமே, கொட்டிய லிட்டருக்குத் தக்கபடி உப்பு சேர்க்க வேண்டும். வற்றும்போதெல்லாம் உப்பும் சேர்த்தால் மாதக் கடைசியில் தொட்டி கடலாகிவிடும்.

ஃபில்டரில் ஜியோலைட் கல் இருந்தால் உப்பு போடுமுன் எடுத்துவிடுங்கள். பிடித்து வைத்திருக்கும் அமோனியாவை அது உப்புத் தண்ணீரில் திருப்பி விட்டுவிடும். தாமரை, அல்லிச் சட்டிகளையும் வெளியே எடுத்துவிட வேண்டும், அவை உப்பைத் தாங்காது. வைத்தியம் முடிந்து இறைக்கும் உப்புத் தண்ணீரைத் தென்னை மரத்துக்கு விடலாம். செம்பருத்திக்கு விடாதீர்கள்.

எங்கள் போர் தண்ணீரே உப்பு. அதனால் நோய் வராதா?

வரும். போர் தண்ணீரின் உப்புக்கரிப்பில் பெரும்பாலும் சுண்ணாம்பும் மக்னீசியமும் கலந்திருக்கும். குடிக்க முடியாத அளவு கரித்தாலும் அது லிட்டருக்கு 3 கிராம் சோடியம் குளோரைடு, அதாவது நாம் போடும் கல் உப்பு, ஆகிவிடாது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் பார்த்துவிட்டு, ஏற்கெனவே ஆயிரம், ஆயிரத்தைந்நூறு காட்டினால் உப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

உடம்பிலிருந்து நூல் மாதிரி ஒன்று தொங்குகிறது. இழுத்தால் வரவில்லை.

நங்கூரப் புழு. புழு என்று சொன்னாலும் அது இறால், நண்டுக் கூட்டத்தைச் சேர்ந்தது. வெளியே தெரிவது உடம்பு மட்டும். தலை நங்கூரம் மாதிரி கிளை விரித்துச் சதைக்குள் மாட்டியிருக்கும். நுனியில் கவட்டை போல இரண்டாகப் பிரிந்து தெரிவது முட்டைப் பை. ஒட்டியிருப்பது எல்லாமே பெண்தான். ஆண் இணை சேர்ந்ததும் செத்துவிடும்.

நம் கண்மாய்க் கெண்டைகளில் இது சகஜம். கோல்டு ஃபிஷும் கெண்டைக் குடும்பம்தான், சீனாவில் ஆயிரம் வருடத்துக்கு மேலாக வளர்த்து நிறம் மாற்றிய கெண்டை. ஆகவே கெண்டைக்கு வருவதெல்லாம் இதற்கும் வரும்.

எடுக்கும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அவசரப்பட்டால் தலை உள்ளேயே தங்கி புண்ணாகிவிடும். இதற்கு இரண்டு பேர் வேண்டும். எங்கள் வீட்டில் அண்ணி மீனைப் பிடிப்பார்கள், நான் எடுப்பேன். தொட்டித் தண்ணீரில் நனைத்த துண்டை முற்றத்துத் திண்ணையில் விரித்து, மீனை அதில் படுக்க வைத்து, ஈரத் துணியின் ஓரத்தால் கண்ணை மூடிவிட வேண்டும். கண் மூடியதும் மீன் துள்ளுவது அடங்கிவிடும். நுனி மெல்லிய ட்வீசரால் புழுவின் நடுவில் பிடிக்காமல், தோலைத் தொடும் இடத்தில், அடியில் பிடிக்க வேண்டும். செதில் சாய்ந்திருக்கும் திசையிலேயே, வால் பக்கமாக, நிதானமாக இழுக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிடும். மெதுவாக இழுக்கும்போது ஒரு கணம் தோல் கூடாரம் மாதிரி எழும்பும், பிறகு சட்டென்று விட்டுவிடும். வெளியே வந்ததைத் துண்டின் மேல் வைத்துப் பாருங்கள். தலைப் பக்கம் சின்னக் கிளைகள் தெரிந்தால் முழுசாக வந்துவிட்டது. அந்த இடத்தில் குண்டூசித் தலை அளவு சிவந்த குழி இருக்கும். ஈரத்தை ஒற்றியெடுத்து, பஞ்சுக் குச்சியால் பாவிடோன் அயோடின் ஒரு தொடு. செவுளிலும் கண்ணிலும் படக் கூடாது. ஒரு நிமிடத்துக்குள் மீன் தண்ணீருக்குத் திரும்பிவிட வேண்டும். நாலைந்து புழு இருந்தால் ஒரே மூச்சில் எடுக்காமல், நடுவில் தண்ணீரில் விட்டு எடுங்கள்.

எடுத்ததோடு வேலை முடிந்துவிடாது. தண்ணீரில் குஞ்சுகள் திரிந்துகொண்டிருக்கும். நம் சூட்டில் முட்டையிலிருந்து முட்டை வரை ஏறக்குறைய மூன்று வாரம். அந்தக் குஞ்சுகளுக்கு டைஃப்ளூபென்சூரான் என்ற மருந்து. பாம்பு சட்டை உரிப்பது போல இந்தக் குஞ்சுகளும் ஓடு கழற்றித்தான் வளரும். இந்த மருந்து புது ஓடு உருவாக விடாது. வளர்ந்த பெண் இனி ஓடு கழற்றாது என்பதால் அதற்கு ஒன்றும் ஆகாது, அதனால்தான் கையால் எடுக்க வேண்டியிருக்கிறது. 25 சதவீதத் தூள் என்றால் ஆயிரம் லிட்டருக்குக் கால் கிராம் போதும். கண்ணளவில் போடாமல், நகைக்கடைத் தராசு மாதிரி சின்ன டிஜிட்டல் தராசில் நிறுத்துப் போடுங்கள். இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை. இந்தத் தண்ணீரை வயலுக்கோ ஊருணிக்கோ போகும் வாய்க்காலில் விடவே கூடாது. இறால், நண்டு, தட்டான் குஞ்சு எல்லாவற்றுக்கும் இதே கதிதான் வரும்.

பச்சையாக, தட்டையாக, மிளகளவு ஒன்று மீன் மேல் நகர்கிறது.

மீன் பேன். கண்ணாடி போல ஊடுருவித் தெரியும், இரண்டு கருப்புக் கண் புள்ளிகள் இருக்கும். உறிஞ்சுவட்டு இரண்டால் ஒட்டிக்கொண்டு, ஊசி மாதிரி ஒரு உறுப்பால் குத்தி உறிஞ்சும். மீன் திடீர் திடீரென்று துள்ளுவதும், தண்ணீரைவிட்டு எகிறுவதும் இதனால்தான். குத்திய இடத்தில் பிறகு புண்ணும் பூஞ்சையும் வரும். பல பேர் அந்தப் பூஞ்சைக்கு மட்டும் மருந்து போட்டுவிட்டுப் பேனை விட்டுவிடுகிறார்கள்.

நாலைந்துதான் இருக்கிறது என்றால் ட்வீசரால் எடுத்துவிடலாம், நங்கூரப் புழு அளவு கஷ்டமில்லை. டைஃப்ளூபென்சூரான் இதற்கும் வேலை செய்யும்.

ஆனால் பேன் முட்டையிட மீனைவிட்டு இறங்கும். சுவர், கல், குழாய் போன்ற கெட்டியான பரப்பில் வரிசை வரிசையாக நூற்றுக்கணக்கில் முட்டை ஒட்டிவிட்டுப் போகும். இதற்குக் கெண்டை வளர்க்கும் குளங்களில் ஒரு பழைய வழி உண்டு, செலவே இல்லாதது. தண்ணீரில் மூங்கில் கழியோ பலகையோ நட்டு வையுங்கள். பேன் அதில் வந்து முட்டையிடும். நாலைந்து நாளுக்கு ஒரு தடவை எடுத்துச் சுரண்டி, நம் ஊர் வெயிலில் நாள் முழுக்கக் காயவிட்டுத் திரும்ப நடுங்கள். நான் இரண்டு கழி வைத்திருக்கிறேன், ஒன்று தண்ணீரில், ஒன்று வெயிலில். விரலால் தடவினால் முட்டை வரிசை தையல் மாதிரி தட்டுப்படும். குஞ்சு பொரிக்க இரண்டு மூன்று வாரம் ஆகும் என்பதால் ஒரு மாதத்துக்குக் குறையாமல் இதைச் செய்ய வேண்டும்.

கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஆனால் துடுப்பை மடக்கி வைத்திருக்கிறது, உடம்பில் சாம்பல் பூத்த மாதிரி கோழை.

கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி கோஷ்டி. டிரைக்கோடினா, காஸ்டியா போன்ற ஒரு செல் உயிரிகள் ஒரு பக்கம், தோல் புழு, செவுள் புழு இன்னொரு பக்கம். இரண்டுக்கும் மருந்து வேறு என்பதால் இங்கே ஊகம் உதவாது, மைக்ராஸ்கோப் வேண்டும். பயப்படாதீர்கள், பள்ளி ஆய்வகத்தில் இருப்பதே போதும். எங்கள் தெருவில் இருக்கும் விலங்கியல் ஆசிரியர் ஒருவர்தான் எனக்கு முதலில் காட்டிக் கொடுத்தார். மீனின் பக்கவாட்டில், தலையிலிருந்து வால் பக்கமாக, கண்ணாடி வில்லையின் விளிம்பால் மெல்ல வழித்து, தொட்டித் தண்ணீர் ஒரு சொட்டு விட்டு, உடனே பார்க்க வேண்டும். டிரைக்கோடினா வட்டத் தட்டு மாதிரி, உள்ளே பல் சக்கரத்தோடு சுழன்று சுழன்று ஓடும். தோல் புழு புழுவாகவே நெளியும், ஒரு முனையில் கொக்கி இருக்கும். அன்றைக்கு அந்தப் புழுவின் வயிற்றில் இன்னொரு புழுவின் கொக்கி தெரிந்தது. குட்டி போடும் இனம் அது. வயிற்றுப் பிள்ளையின் வயிற்றிலேயே அடுத்த பிள்ளையும் வளர்ந்துகொண்டிருக்கும். ஒரு வாரத்தில் தொட்டி நிறைந்துவிடுவது எப்படி என்று அப்போதுதான் புரிந்தது.

ஒரு செல் உயிரிகளுக்கு மேலே சொன்ன உப்பே பெரும்பாலும் கேட்கும். டிரைக்கோடினா மட்டும் சில சமயம் உப்புக்கு அசையாது. அது அழுக்குத் தண்ணீரில் பெருகுவது, அடி வண்டலை எடுத்தாலே பாதி குறையும்.

தோல், செவுள் புழுக்களுக்குப் பிராசிகுவான்டெல். ஆயிரம் லிட்டருக்கு 3 கிராம், அதாவது 600 மில்லிகிராம் மாத்திரை ஐந்து. எளிதில் கரையாது. நன்றாகப் பொடித்து, ஒரு பாட்டில் தண்ணீரில் போட்டு நெடுநேரம் குலுக்கி ஊற்ற வேண்டும். செவுள் புழு முட்டையிடும், முட்டையை மருந்து தொடாது, ஆகவே வாரம் ஒரு தடவையாக மூன்று தடவை. நாய்க்குக் கொடுக்கும் பூச்சி மாத்திரையில் இதே மருந்து இருந்தாலும் கூடவே வேறு மருந்துகளும் கலந்திருக்கும். தனி பிராசிகுவான்டெல்தானா என்று லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

மைக்ராஸ்கோப்புக்கு வழியே இல்லை, மீன்கள் வரிசையாகச் சாகின்றன என்றால் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி போன்ற இடத்தில் கேட்பதுதான் சரி. செத்துப் பல மணி நேரமான மீனைக் கொண்டுபோனால் பயன் இல்லை. மீன் செத்ததும் ஒட்டுண்ணி இறங்கிப் போய்விடும்.

மஞ்சள், வேப்பிலை போடலாமா?

புண்ணில் மஞ்சள் தடவினால் கெடுதல் இல்லை. ஆனால் அது எந்த ஒட்டுண்ணியையும் எடுக்காது. வேப்பிலைச் சாறும் வேப்பெண்ணெயும் அப்படி இல்லை, அளவு மீறினால் மீனையே கொல்லும். எண்ணெய் தண்ணீர் மேல் படலமாகப் படிந்தால் காற்றும் உள்ளே போகாது. வேம்பின் மேல் எனக்கும் மரியாதை உண்டு, ஆனால் கைப்பிடிக் கணக்கில் தொட்டியில் போடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்து ஒரு சொட்டு விட்டால் மீன் பேன் செத்துவிடும் என்கிறார்களே?

பேன் சாகும். கூடவே மீனும் சாகும். பெரிய குளங்களில் மீன்வளத் துறையினர் கணக்குப் போட்டுச் செய்வதை வீட்டுத் தொட்டியில் சொட்டுக் கணக்கில் செய்ய முடியாது. கூடாது.

பரணில் பெரிய பித்தளை அண்டா இருக்கிறது. அதில் மீனுக்கு மருந்துக் குளியல் கொடுக்கலாமா?

நம் பக்கத்து வீடுகளில் அண்டாவுக்குக் குறைவில்லை என்பதால் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. வேண்டாம். பித்தளையில் செம்பும் துத்தநாகமும் இருக்கின்றன, இரண்டும் மீனுக்கு விஷம். உப்புத் தண்ணீரில் இன்னும் வேகமாகக் கரைந்து இறங்கும். ஈயம் பூசியிருந்தாலும் நம்பாதீர்கள். பிளாஸ்டிக் தொட்டி எடுத்துக்கொள்ளுங்கள்.

குளியல் என்றால் லிட்டருக்கு 25 முதல் 30 கிராம் உப்பு, சில நிமிடம் மட்டும், ஏர் பம்ப் ஓட வேண்டும், நீங்கள் பக்கத்தைவிட்டு நகரக் கூடாது. மீன் பக்கவாட்டில் சாய்ந்த அந்த நொடியே எடுத்து நல்ல தண்ணீரில் விட வேண்டும். அட்டை ஒட்டியிருந்தால் இது நன்றாகக் கேட்கும். ஏற்கெனவே தளர்ந்த மீனுக்கு இதைச் செய்யாதீர்கள்.

பொட்டாசியம் பெர்மாங்கனேட், மாலகைட் க்ரீன்?

இரண்டும் வேலை செய்யும், ஆனால் முதல் முறை வளர்க்கிறவர் கையில் எடுக்க வேண்டியவை இல்லை. பெர்மாங்கனேட் ஆயிரம் லிட்டருக்கு 2 கிராமுக்கு மேல் போகக் கூடாது. நம் ஊர்க் கடினத் தண்ணீரில் பிஎச் அதிகம் என்பதால் அதன் பழுப்புக் கசடு செவுளில் படியும். ஃபார்மலினோடு சேர்க்கவே கூடாது. மாலகைட் க்ரீன் புற்றுநோய்ச் சந்தேகம் உள்ள சாயம், கையுறை இல்லாமல் தொடாதீர்கள். சாப்பிடும் மீன் இருக்கும் குளத்துக்கு அது சட்டப்படியே கூடாது.

இதெல்லாம் எங்கிருந்து வருகிறது? தொட்டி மூடித்தான் இருக்கிறது.

நாம்தான் கொண்டுவருகிறோம். கடையிலிருந்து வாங்கி அன்றைக்கே விட்ட மீன்தான் முதல் காரணம். ஊருணியிலிருந்து எடுத்துவந்த அல்லிக் கொடி, கண்மாயில் அள்ளிய உயிர்த்தீனி, பிள்ளைகள் பிடித்துவந்த கெண்டைக் குஞ்சு ஆகியவை அடுத்தவை. பக்கத்து வீட்டு ஈர வலையும் போதும்.

புது மீனைத் தனித் தொட்டியில் நாலு வாரம் வையுங்கள். நாலு வாரம் என்பது நங்கூரப் புழுவின் ஒரு சுற்றுக்கும் மீன் பேன் முட்டைக்கும் சேர்த்த கணக்கு. அந்தத் தொட்டிக்குத் தனி வலை, தனி வாளி. வலையை உபயோகித்ததும் வெயிலில் மொறமொறவென்று காயப் போடுங்கள், காய்ந்துவிட்டால் இதில் எதுவும் பிழைக்காது. செடியையும் மீன் இல்லாத தண்ணீரில் அதே அளவு காலம் வைத்துவிட்டு விடலாம்.

வீட்டில் பிள்ளைகளுக்கு ஒட்டுமா?

மேலே சொன்ன எந்த ஒட்டுண்ணியும் மனிதர் உடம்பில் வளராது. ஆனால் மீன் தொட்டித் தண்ணீரில் சில பாக்டீரியாக்கள் உண்டு, கையில் வெட்டுக்காயத்தோடு தொட்டிக்குள் கைவிட்டால் ஆறாத கட்டி வர வைக்கும். காயம் இருந்தால் கையுறை, இல்லாவிட்டாலும் பிறகு சோப்பு.

ஒரு மீன் தேறாது என்று தெரிகிறது. என்ன செய்ய?

கஷ்டமான கேள்வி, ஆனால் கேட்க வேண்டிய கேள்வி. சாப்பிடாமல், நிமிர முடியாமல், புண் பரவிப் பல நாளாகக் கிடக்கிறது என்றால், அதன் வேதனையை நீட்டாமல் இருப்பதுதான் நாம் செய்யக்கூடியது. மருந்துக் கடையில் கிடைக்கும் கிராம்பு எண்ணெய். சின்ன பாட்டிலில் வெதுவெதுப்பான தண்ணீரோடு குலுக்கிப் பால் போலாக்கி, தொட்டித் தண்ணீர் நிறைந்த பாத்திரத்தில் கலக்குங்கள். லிட்டருக்குப் பத்துச் சொட்டு. மீன் மயங்கி, செவுள் அசைவு நின்றுவிடும். நின்ற பிறகும் அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். ஐஸில் போடுவது, தரையில் விட்டுவிடுவது எல்லாம் கொடுமை. பிறகு அதைக் கொல்லையில் ஆழமாகப் புதைத்துவிடுங்கள்.

வளர்க்க முடியவில்லை, ஊருணியில் விட்டுவிடலாமா?

தயவுசெய்து வேண்டாம். மீனின் மேல் இருக்கும் இரக்கத்தில்தான் கேட்கிறீர்கள் என்று தெரியும். ஆனால் அந்த மீனோடு பேனும் புழுவும் சேர்ந்தே போகும். ஊருணியில் இருக்கும் கெண்டைக்கும் கெளுத்திக்கும் அவை ஒட்டினால் அங்கே யார் ட்வீசர் எடுத்துப் போவது? கோல்டு ஃபிஷ் அடி மண்ணைக் கிளறிக் கிளறித் தின்னும், தண்ணீர் கலங்கிவிடும். நம் பக்கத்தில் அந்தத் தண்ணீரைக் குடிக்க எடுக்கிற ஊர்கள் இன்னும் இருக்கின்றன. தொட்டி வைத்திருக்கும் வேறு யாருக்காவது, நோய் இல்லை என்று பார்த்துவிட்டு, கொடுங்கள். வாங்குகிறவரிடம் நாலு வாரம் தனியாக வைக்கச் சொல்லுங்கள். பள்ளத்தூர்ப் பக்கம் இருப்பவர் என்றால் எங்கள் கொல்லைத் தொட்டியில் இடம் இருக்கிறது, கொண்டுவந்து விடுங்கள்.